சிவப்பு மையில் ஒரு கதாநாயகி

எழுத்தாளர் அதுவரை எழுதியிருந்தது நூற்றுப் பன்னிரண்டு நாவல். கதாநாயகி என்னவோ ஒருத்திதான். பெயர் மாறும், வேலை மாறும், ஒரு கதையில் டாக்டராக இருப்பாள், இன்னொன்றில் அநாதையாக இருப்பாள். ஆனால் இருபதாம் பக்கம் தாண்டியதும் கதாநாயகன் அவளை முதல் தடவையாகப் பார்த்தே தீருவான். பார்த்தானோ இல்லையோ, பாலில் குங்குமப்பூ கரைத்த நிறம், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கும் இடை, முத்துப் பல் வரிசை, மிரண்ட மான் விழி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஆஜராகிவிடும். தலையில் ஆரம்பித்துக் கால் வரை கேசாதி பாதம் பாடினார்களே அந்தக் காலத்துப் புலவர்கள், அந்தப் பரம்பரைக்குத் தான்தான் கடைசி வாரிசு என்று மனுஷருக்கு நினைப்பு. நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். இவர் பிழைப்பை அது கெடுக்கவே இல்லை. மாதம் ஒரு நாவல் சுடச்சுட விற்றது.

அந்தக் கதாநாயகிகள் அத்தனை பேருக்கும் ஒற்று போட்டு, கொம்பு திருத்தி, அச்சுக்கு அனுப்பி வைக்கிறவள் ஒருத்தி பதிப்பகத்தில் இருந்தாள். பதினாலு வருஷமாக அங்கே ப்ரூஃப் பார்க்கிறாள். எல்லாரும் அவளை ‘ப்ரூஃப் அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் கார்த்தி எதுவும் ஆகாமல், முப்பத்தொன்பது வயசிலேயே அம்மா பட்டம்! பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டம் ஒட்டடைக்குச்சி. அதற்கு இது தேவலை என்று விட்டுவிட்டாள்.

ஆள் நல்ல உயரம், நல்ல கறுப்பு, ஒல்லி. முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி நிற்கும். சின்ன வயசிலிருந்தே சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். இந்தப் பல்லை வைத்துக்கொண்டு மாதாமாதம் முத்துப் பற்களுக்கு விட்டுப்போன ‘ப்’ போட வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கே சில சமயம் சிரிப்பு வரும், வாயைப் பொத்திக்கொள்வாள்.

வேலையில் மட்டும் அவள் வைத்ததுதான் சட்டம். அவள் மேசையில் இரண்டு பேனா இருக்கும். சிவப்பு என்றால் திருத்தம். எழுத்தை அடித்துவிட்டு ஓரத்தில் அவள் எழுதியதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பச்சை என்றால் எழுத்தாளருக்குக் கேள்வி. அதை ஏற்றக் கூடாது. இரண்டு பேனாவையும் அவளைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது.

ஏற்றுகிற வேலை லேஅவுட்காரருடையது. மாத நாவல் ஆரம்பித்தபோது வந்து சேர்ந்தவர், ஒன்பது வருஷமாக அவளுக்கு எதிர் மேசை. தலையில் முடி போய்விட்டது, வயிறு கொஞ்சம் வந்துவிட்டது, படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டதில் கல்யாண வயசும் போய்விட்டது. தனிக்கட்டை. வந்த புதிதில் ஒருநாள், “இந்தத் திருத்தம் சரியா இருக்குமா மேடம்?” என்று கேட்டுவிட்டார். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சிவப்பு மையில நான் எழுதினா கேள்வி கேக்காதீங்க, ஏத்துங்க என்று சொல்லிவிட்டாள். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் “ஏத்தியாச்சு மேடம்” மட்டும்தான். அந்த இடத்தில் அவளை அம்மா என்று கூப்பிடாத ஒரே ஆள் அவர். அதை அவள் கவனித்திருந்தாளா என்றால், அப்போது இல்லை.

நூற்றுப் பன்னிரண்டாவது நாவல் ப்ரூஃபுக்கு வந்த வாரம் பதிப்பகத்துக்கு இருபத்தைந்து வயசு நிறைந்தது. நாவலின் கடைசிப் பக்கத்தில் எல்லாரும் சேர்ந்து நிற்கும் படம் போட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. கீழே டயர் கடை, மேலே மூன்றாவது மாடியில் பதிப்பகம். ஒரே கூடம், அதற்குள் அலமாரிகளும் கட்டுக்கட்டாகத் தாளும். அவற்றை ஒதுக்கி நாற்காலி போட்டு போட்டோகிராபர் ஆளுக்கொரு இடம் காட்டினான். எழுத்தாளர் நடு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். உயரமாக இருக்கிறவர்கள் பின்னால் போகலாம் என்றதும் அவள் சொல்லாமலேயே பின்னால் போனாள். படம் எடுக்கப் போகும் நேரத்தில் அவன் தலையைத் தூக்கி, “பின்னாடி நிக்கிற மேடம், உதட்டை மூடிட்டு சிரிங்க” என்றான்.

அதோடு விட்டிருந்தால் அவளும் விட்டிருப்பாள். எழுத்தாளருக்குச் சபையைக் கண்டால் நாக்கு சும்மா இருக்காது. திரும்பிப் பார்த்து, “விடுப்பா. ப்ரூஃப் அம்மா சிரிச்சா, படத்துக்கு வெளியில ரெண்டு எழுத்து நீட்டிக்கிட்டு நிக்கும். அதையும் அவங்களேதான் திருத்தணும்” என்றார்.

கூடமே சிரித்தது. யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை. அவளும் சிரித்தாள், உதட்டை மூடிக்கொண்டு. படம் நன்றாக வந்திருப்பதாக எல்லாரும் சொன்னார்கள்.

மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். பாதியில் விட்ட ப்ரூஃப் கிடந்தது, இருபத்து மூன்றாம் பக்கம். சரியாக அந்த இடம்தான், கதாநாயகன் முதல் தடவையாகப் பார்க்கிற இடம். பால், குங்குமப்பூ, இடை, முத்து, மான். அவளுக்கு வயிறெரிந்தது. இத்தனை வருஷமாக இந்தப் பெண்ணுக்குச் சேவகம் செய்திருக்கிறேனே, இவள் ஒருநாளாவது எனக்கு ஒரு இடம் விட்டிருக்கிறாளா என்று நினைத்தாள். கையில் இருந்தது சிவப்புப் பேனா. ஒரே கோடாக அந்த வர்ணனையை முழுக்க அடித்தாள். ஓரத்தில் எழுத ஆரம்பித்தாள், இடம் போதாமல் அடியில் இறங்கி, அடியிலும் போதாமல் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு மேலே வந்து எழுதி முடித்தாள்.

எழுதியது இது:

‘அவளைப் பார்த்ததும் யாருக்கும் மூச்சு நின்றுவிடாது. உயரம் கொஞ்சம் அதிகம். எந்த வாசலில் நுழைந்தாலும் தலையைக் குனிந்தே நுழைவாள், இடிக்காத வாசலிலும். நிறம் கறுப்பு, அதற்கு உவமை எதுவும் தேவையில்லை. சிரித்தால் முன்பற்கள் இரண்டும் முந்திக்கொண்டு வந்து வணக்கம் சொல்லும், பிறகுதான் அவள் வருவாள். பத்து நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவனுக்குப் பதினோராம் நாள் அவள் வராவிட்டால் அறை காலியாக இருப்பது தெரியும். அவளும் ஆசைப்படுகிறவள்தான். தன்னை ஒருவன் அவசரமில்லாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, திருத்தம் எதுவும் போடாமல் ஒரே ஒருமுறை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவள்.’

எழுதி முடித்ததும் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்துக்கொள்ளலாம் என்று முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தால் மேசை காலி! போட்டோ எடுத்ததில் நேரம் ஓடிவிட்டது, அச்சகத்தில் காத்திருக்கிறார்கள் என்று முதலாளி மொத்தக் கட்டையும் தூக்கி லேஅவுட்காரரிடம் கொடுத்திருந்தார்.

போய்க் கேட்டால் கிடைத்திருக்கும். ஆறடி தூரம்தான். ஆனால் எந்தத் தாள் என்று சொல்ல வேண்டும், சொன்னால் அவர் அதைப் பார்ப்பார். இந்த வயசில் இதற்கு ஆசையைப் பார் என்று நினைப்பார். அந்த எண்ணம் வந்ததும் கால் நகரவில்லை. எப்படியும் இரண்டாவது ப்ரூஃப் வரும், அதில் பழையபடி மாற்றிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாவது ப்ரூஃப் வரவே இல்லை. நேரமில்லை என்று முதலாளி நேராக அச்சுக்கு அனுப்பிவிட்டார். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுகிற பல்லி தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். சனிக்கிழமை சாயங்காலம் அச்சகத்திலிருந்து புத்தகக் கட்டு வந்தபோது, பாதிப் பிரதி ஏற்கெனவே கடைகளுக்குப் போயிருந்தது. அவள் ஒன்றை எடுத்து இருபத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தாள். ஒரு எழுத்து விடாமல் இருந்தது. பிழைகூட இல்லை.

 வேலை போய்விடும், அது நிச்சயம். எழுத்தாளர் வரியில் கை வைத்தவளை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? வேலை போனாலும் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். ஆனால் ஆறாயிரம் பிரதியில் தன் பல்லும், உயரமும், யாரிடமும் சொல்லாத ஆசையும் ஊரூராகப் போய்க்கொண்டிருக்கிறதே, அதை எப்படித் திரும்ப வாங்குவது? தெரிந்தவர்கள் யார் படித்தாலும் அவள்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீட்டில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். அண்ணி அந்த மாத நாவலுக்குப் பரம ரசிகை. எப்போதும் அவள்தான் இலவசப் பிரதி கொண்டுவந்து கொடுப்பாள். அந்தத் தடவை புத்தகம் வரத் தாமதம் என்று புளுகிவிட்டுப் பிரதியைத் தன் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் மறையுமா? அண்ணி எதிர்வீட்டில் இரவல் வாங்கி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் படித்து முடித்துவிட்டாள்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் எழுதுகிற பெண் நிஜமாகவே எங்காவது இருந்தால் அது அண்ணிதான். அந்த நிறம், அந்தக் கண். ஐம்பதை நெருங்கியும் தெருவில் நடந்தால் திரும்பிப் பார்ப்பார்கள். அண்ணன் தான் பெண் பார்க்கப் போன கதையை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவான், ஒரே பார்வையில் சரி சொல்லிவிட்டானாம். அந்த வீட்டுக்குள் அண்ணிக்குப் பக்கத்தில் நின்று நின்றே அவளுக்கு முதுகு கூன் விழுந்துவிட்டது என்று சொன்னாலும் தப்பில்லை.

மொட்டை மாடியில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அண்ணி புத்தகத்தோடு ஏறி வந்தாள். ஈரத் துண்டு ஒன்றை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு, இருபத்து மூன்றாம் பக்கத்தில் இருப்பது நீதானே என்று கேட்டாள்.  அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. அண்ணி சிரிக்கப் போகிறாள் என்று கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணி சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

“அழகு சோறு போடுமான்னு கேப்பாங்க. எனக்குப் போட்டுச்சு. ஆனா சாப்பிட்டியான்னு யாரும் கேக்கலை. எல்லாரும் என் கலரைத்தான் பாத்தாங்க, உங்க அண்ணனும் சேத்துதான். இப்படி ஒருத்தர் நின்னு நிதானமா என்னையும் பாத்திருந்தா நான் கொஞ்சம் வேற மாதிரி இருந்திருப்பேன்.”

இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். அண்ணிக்கு ஒரு குறை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இவ்வளவு அழகாக இருந்துகொண்டு என்ன குறை என்று அவளும்தானே நினைத்திருந்தாள்? எழுத்தாளரைச் சொல்லி என்ன, நாமும் அண்ணியைப் பாலும் குங்குமப்பூவுமாகத்தான் பார்த்திருக்கிறோம் என்று உறைத்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் போர்வையைப் பிழிந்தார்கள். வேலை போனால் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடு என்றாள் அண்ணி. அன்றைக்கு மத்தியானமே அவள் ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கடிதத்தோடு போனால் முதலாளி முகமெல்லாம் பல்லாக இருந்தார். காலையிலிருந்து போன் மேல் போன், வாசகர்கள் புகழ்ந்து தள்ளுகிறார்கள் என்றார். எழுத்தாளருக்கும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். மனுஷர் அச்சான பிறகு தன் புத்தகத்தைத் தொடுகிற வழக்கமே கிடையாது. எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்காமல், ஆமாம், அதற்கு மூன்று நாள் தவம் கிடந்தேன் என்று சொல்லிவிட்டாராம். இந்தச் சந்தோஷத்துக்கு நடுவே கடிதத்தை எப்படி நீட்டுவது? நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். நாளை, நாளை என்று இரண்டு வாரம் ஓடிவிட்டது, கடிதத்துக்குப் பையில் மூலை மடங்கிவிட்டது.

அந்த இரண்டு வாரமும் தபால் வந்துகொண்டே இருந்தது. பிரித்து அடுக்குகிற வேலை அவளுடையதுதான். பஸ் கண்டக்டராக இருக்கும் ஒரு பெண், நான் குண்டு, அடுத்த கதையில் குண்டாக ஒருத்தி வருவாளா என்று கேட்டிருந்தாள். இன்னொருத்தி ஒரு அட்டையில் மூன்றே வரி எழுதியிருந்தாள்: ‘உங்கள் கதைகளைப் படித்துப் படித்துக் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டேன். இந்த மாதம் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறேன்.’ அந்த அட்டையை அவள் மறுபடி மறுபடி படித்தாள். பயம் இருந்தது, ஆனால் பயத்துக்குப் பக்கத்தில் வேறு ஒன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சந்தோஷம் என்று ஒத்துக்கொள்ள அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பதினைந்தாம் நாள் எழுத்தாளர் மூன்று மாடியும் ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் புத்தகம், விரல் இருபத்து மூன்றாம் பக்கத்துக்குள் இருந்தது. முதலாளியைக் கூப்பிட்டார். மேசை மேல் புத்தகத்தை விரித்து, இதை எழுதியது யார் என்று கேட்டார்.

அவள் எழுந்தாள்.  பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். “நான்தான் சார் எழுதினேன். போட்டோ எடுத்த அன்னைக்கு. கிழிச்சுப் போடணும்னுதான் நினைச்சேன். தப்பு என்னோடது, நான் போயிடறேன்” என்றாள்.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் எதிர் மேசை நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. லேஅவுட்காரர் எழுந்து நின்றார். ஒன்பது வருஷத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“ஏத்தினது நான். சிவப்பு மையில இருந்துச்சு, அதனால ஏத்திட்டேன்னு சொல்லி நான் தப்பிச்சுக்கலாம். ஆனா அது திருத்தம் இல்லைன்னு படிக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஏத்தினேன். போறதா இருந்தா நான்தான் போகணும். மேடம், உங்களைக் கேட்டிருக்கணும். கேட்டா கிழிச்சுப் போட்டுடுவீங்கன்னு பயந்துட்டேன்.”

அவளுக்கு முகத்தில் ரத்தம் ஜிவ்வென்று ஏறிவிட்டது. கோபம்தான், சந்தேகமே இல்லை. தெரிந்தே செய்தாராமே! என் தாளை, என் மானத்தை, என்னைக் கேட்காமல் ஊருக்கு அனுப்ப இவர் யார்? ஆனால் அந்தக் கோபத்தை அங்கேயே காட்ட முடியவில்லை, ஏனென்றால் எழுத்தாளர் திடீரென்று பக்கத்திலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். சண்டை போட வந்தவர் முகம் தோற்றுப் போன முகமாக இருந்தது.

முதலாளி தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு எழுத்தாளர் விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அவர் புத்தகம் எதையும் இரண்டு பக்கத்துக்கு மேல் படித்ததில்லையாம். இந்தத் தடவை யாரோ சொல்லி, எடுத்துப் படித்திருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு ராஜ மரியாதை. சாயங்காலம் ஆனால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுகிறாராம். நேற்று அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் கழித்தாவது ஒரு பெண்ணைப் பார்க்கத் தெரிந்துகொண்டீர்களே என்றிருக்கிறார். எந்தப் பெண் என்று புரியாமல் திருட்டுத்தனமாகப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் இவருக்கு விஷயமே தெரிந்தது.

“அதை எழுதினது நான் இல்லைன்னு அவகிட்ட நான் எப்படிம்மா சொல்லுவேன்?” என்றார். படத்துக்கு வெளியே நீட்டுகிற எழுத்தைப் பற்றிப் பேசிய நாக்குத்தான். இப்போது தழுதழுத்தது.

அவளுக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. வந்ததே என்று எரிச்சலும் வந்தது. ஒன்பது வருஷம் அவர் தாளின் ஓரத்தில் மட்டுமே பேசியவள், முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேரே பேசினாள்.

“முதல்ல வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லுங்க. அப்புறம் அவங்களை உக்கார வச்சு நல்லாப் பாருங்க. பாத்ததை எழுதிட்டு வாங்க சார். ஒற்று மட்டும் நான் போட்டுத் தரேன்.”

முதலாளி ராஜினாமாக் கடிதத்தை எடுத்து, பிரிக்காமல் நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரதி எல்லாம் தீர்ந்து மறுபதிப்புக்கு ஆர்டர் வந்திருந்தது. இருபத்து மூன்றாம் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுத்தாளரைக் கேட்டார். அவர், அப்படியே இருக்கட்டும், ஆனால் அந்தப் பக்கத்தை எழுதியது ப்ரூஃப் பார்த்தவர் என்று முன்பக்கத்தில் ஒரு வரி போடுங்கள் என்றார். படியிறங்கும்போது, போட்டோ அன்றைக்குப் பேசினதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவளிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மனசில் வைத்துக்கொண்டதால்தான் அந்தப் பக்கமே வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் உண்மையைச் சொன்னதற்கு எழுத்தாளருக்கு இரண்டு நாள் தண்டனை கிடைத்ததாம். அந்த அம்மாள் முகம் கொடுத்தே பேசவில்லையாம். மூன்றாம் நாள், சரி, இனிமேலாவது பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். நூற்றுப் பதிமூன்றாவது நாவல் பத்து நாள் தாமதமாக வந்தது. அதில் இருபத்திரண்டாம் பக்கத்தில் மான் இல்லை, முத்து இல்லை. ‘அவள் படியேறும்போது வலது முட்டி டக்கென்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவனுக்கு வீட்டுக்குள் இருப்பதாகத் தோன்றும்’ என்று இருந்தது. இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. சொன்னபடி அவள் போட்டுக்கொடுத்தாள்.

லேஅவுட்காரரிடம் மட்டும் அவள் பேசவில்லை. தாளைக் கொடுப்பாள், வாங்குவாள், அவ்வளவுதான். அவரும் “ஏத்தியாச்சு மேடம்” என்பதைக்கூட நிறுத்திவிட்டார். கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒரு வாரம் ஆனதும் அவளுக்கு வேறு ஒன்று குடைய ஆரம்பித்தது. படிக்கும்போதே தெரியும் என்றாரே. அப்படியானால் அந்தப் பக்கத்தில் இருப்பது யார் என்றும் தெரிந்திருக்கும். அந்தக் கடைசி வரியின் ஆசையும் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் இத்தனை நாளில் அந்த மனுஷர் முகத்தில் கேலியாக ஒரு சுளிப்புக்கூட அவள் பார்த்ததில்லை. அண்ணியிடம் சொன்னாள். அண்ணி துணி மடித்துக்கொண்டே, ஒன்பது வருஷமா எதிரில உக்காந்திருக்கிற ஆளு எப்படி இருப்பாருன்னு உன்னைக் கேட்டா நீ என்ன எழுதுவே என்று கேட்டாள். வழுக்கை, தொப்பை என்று தொடங்கி, அதற்கு மேல் சொல்லத் தெரியாமல் அவள் நிறுத்திவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாளிலிருந்து அவளும் பார்த்தாள். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் அவர் ஜன்னல் கதவை டயர் வாசனை வராமல் சாத்துவார். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை திறக்க மாட்டார். இத்தனை வருஷமும் அந்த ஜன்னல் தானாகச் சாத்திக்கொள்கிறது என்றா நினைத்திருந்தாள்?

மறுபதிப்புக்கான ப்ரூஃப் ஒரு புதன்கிழமை மத்தியானம் அவள் மேசைக்கு வந்தது. லேஅவுட்காரர் கட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் முதல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். முன்பக்கத்தில் அந்த ஒரு வரி இருந்தது. இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். அவள் எழுதியது அப்படியே இருந்தது. ஓரத்தில் பச்சை மையில் யாரோ எழுதியிருந்தார்கள், அவள் கையெழுத்து இல்லை.

‘திருத்தம் எதுவும் இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன், பல தடவை. ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருக்கிறது: தப்பு கண்ணில் பட்டதும், கை பேனாவைத் தேடுவதற்கு முன்னாலேயே அவளுடைய இடது புருவம் மேலே ஏறிவிடும்; அதைப் பார்ப்பதற்காகவே ஒருவன் ஒன்பது வருஷமாகச் சீக்கிரம் வேலைக்கு வருகிறான். போன தடவை கேட்காமல் ஏற்றினேன். இந்தத் தடவை கேட்கிறேன். சேர்க்கலாமா?’

என் பச்சைப் பேனாவைத் தொட்டது யார் என்றுதான் அவளுக்கு முதலில் வந்தது. வந்த கையோடு, தன் இடது புருவம் மேலே ஏறி நிற்பது அவளுக்கே தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை பாதி வழி வரை எழுந்தது, பிறகு மேசைக்கே திரும்பி வந்து பேனாவைத் தேடியது. அந்தப் பச்சை வரிக்குப் பக்கத்தில், யாரும் கேள்வி கேட்க முடியாதபடி சிவப்பு மையில், ‘சேர்க்கவும்’ என்று எழுதினாள். எழுதி, ஆறடி தூரம் நடந்து போய்த் தாளை அவர் கையிலேயே கொடுத்தாள்.